நிறைமாத வீட்டில் கடப்பாரை

அக். 14, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். கடை திறக்கத் தாமதம். தீபாவளிச் சீர்ப் பாத்திரம் வாங்குகிற நேரம், மழைக்குப் பயந்து ஒருவரும் வரவில்லை. குடங்களைத் துடைத்து மறுபடி அடுக்கியதோடு சரி.

பின் அறைக் கதவு மறுபடியும் பிடிக்கிறது. போன மழைக்கு ஆசாரியை வைத்து அடியில் இழைத்தாயிற்று. சித்திரையில் மேலே இழைத்தாயிற்று. இன்னும் இழைத்தால் கதவு போய்ச் சன்னல்தான் மிஞ்சும். "மழைக்கு மரம் ஊதுதுங்க" என்று ஆசாரி சொன்னதை நம்பினேன். சித்திரையில் ஏது மழை? அப்போது கேட்கத் தோன்றவில்லை. கடையில் ஒரு தம்ளர் வாயில் நெளிவு இருந்தால் எட்ட நின்றே கண்டுபிடிப்பேன்.

மகள் தேன்மொழி அந்த அறையில்தான் இருக்கிறாள். தவளக்குப்பத்தில், மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்குக் கூட்டி வந்ததிலிருந்து. "தோளால இடிச்சாதான்பா தெறக்குது. உள்ள இருக்கறது பயந்துனு ஒரு ஒதை வுடுது" என்று சிரித்தாள்.

வாங்க: கொசுவலை. பேரீச்சம்பழம். கொல்லைக் குழாய்க்கு வாசர்.

அக். 17, வெள்ளி

வெயில். வியாபாரம் பரவாயில்லை.

படையலுக்கென்று கடையிலிருந்து பெரிய பித்தளைத் தாம்பாளம் ஒன்று கொண்டுவந்தேன். தேன்மொழி அதைத் தன் அறைத் தரையில் வைத்துவிட்டு, "தட்டு ஆடுதுப்பா, இதையா ஊருக்கெல்லாம் விக்கிற?" என்றாள். நான் விற்கிற தட்டு ஆடாது. கூடத்தில் வைத்தேன், அசையவில்லை. அறைக்குக் கொண்டுபோனேன், ஆடியது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். கன்னிமூலைப் பக்கம் விளிம்பைத் தொட்டது. எதிர்ப்பக்கம் ஒரு விரல் அகலம் தட்டு வெறுமையாக நின்றது.

தட்டில் குறையில்லை. தரையில்.

பீரோவை நகர்த்தினேன். விரிசல். படிக்கட்டு மாதிரி கல்லுக்குக் கல் ஏறி மேலே போகிறது. கீழே நூல் அளவு. மேலே என் கட்டைவிரல் நகம் நுழைகிறது. இரண்டு தரம் பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்த இடம், பட்டியே கிழிந்திருக்கிறது. தரைக்கும் சுவரோரக் கல்லுக்கும் நடுவே சந்து, எறும்பு அதற்குள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. சன்னல் கொக்கி வளையத்தில் மாட்டவில்லை. கொக்கி மேலே, வளையம் கீழே.

எல்லாம் முன்பே இருந்தவை. தனித்தனியாகப் பார்த்தேன். கதவுக்கு ஆசாரி, எறும்புக்கு மருந்து, சன்னலுக்கு எண்ணெய்.

மனைவி செல்வியிடம் சொல்லவில்லை. தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தட்டைத் துடைத்து வைத்தேன்.

அக். 20, திங்கள், தீபாவளி

காலையில் மழை, பிறகு விட்டது. மாப்பிள்ளை சேதராப்பட்டில் ஷிப்ட் முடித்து நேராக வந்தார். தூங்கி வழிந்துகொண்டே அதிரசம் தின்றார். நல்ல பையன்.

சம்பந்தி வரவில்லை. வரமாட்டார். முதல் பிள்ளை தேன்மொழி வயிற்றில் இருந்தபோது அவர் வீட்டில் அடுப்படிச் சுவரை உடைத்துக் குளியலறை கட்டினார்கள். அந்த வாரமே கலைந்துபோயிற்று. வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கும் வீட்டில் இடிக்கக் கூடாது, தோண்டக் கூடாது என்று செல்வி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் யாரையாவது ஏசியே ஆகவேண்டும் போல இருந்தது. அவர் வாசலில் நின்று தெருக் கேட்கக் கத்தினேன். "கடப்பாரைய எடுத்தவன் வூட்ல எம் பொண்ணு இருக்க மாட்டா." அவர் தலைகுனிந்து நின்றார். சமாதானம் ஆகி மகள் திரும்பப் போக ஆறு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

இன்றைக்கு அதை ஏன் எழுதுகிறேன். விரிசல் நினைவில் இருக்கிறது.

அக். 23, வியாழன்

லூர்து சார் வந்தார். ரிட்டையர் ஆன எஞ்சினியர். கடைக்கு வந்தால் விலையைக் கேட்காமல் கனத்தைக் கேட்கிறவர், அதனால் மதிப்பு. பைக் சாவியால் டைல்ஸைத் தட்டிக்கொண்டே போனார். கூடத்தில் கெட்டியான சத்தம், பின் அறையில் வெறும் பானையைத் தட்டுகிற சத்தம்.

"இந்த மூலையில முன்ன இன்னா இருந்திச்சி மொதலாளி?"

"குட்டை சார். இடிச்ச கட்டடத்துக் கப்பி கொட்டி மேடாக்கினேன்."

"கெட்டிக்கிற வரைக்கும் கொட்டுனீங்களா, மறையற வரைக்கும் கொட்டுனீங்களா?"

மலிவாக வந்த மனை. தெருவில் எல்லோரும் விலை பேசிவிட்டு விட்டுப்போன மனை. நான் மட்டும்தான் சாமர்த்தியசாலி என்று நினைத்திருந்தேன்.

"வூடு மொத்தமா எறங்குனா இவ்ளோ வெடிக்காது. ஒரு மூல மட்டும் எறங்குது, அதான் கிழியுது. பூச்சுல வர்ற மயிர்க்கோடுன்னா வுட்டுடலாம். இது கல்லையே வகுந்துனு போவுது. மாடித் தண்ணிக் குழாய வேற அதே மூலையில எறக்கி வுட்டிருக்கீங்க."

விரிசலுக்குக் குறுக்கே மூன்று கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்ட் வைத்து ஒட்டினார். கண்ணாடி வளையாதாம். சுவர் நகர்ந்தால் உடையுமாம். வெளியே மூலையில் குழி எடுத்து அஸ்திவாரத்தைப் பார்க்கவேண்டும், உடனே பார்க்கவேண்டும் என்றார்.

செல்வி காப்பியோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் தெரியவில்லை.

"குழியா? எம் பொண்ணு பெத்து எழுந்துக்கற வரைக்கும் இந்த வூட்ல ஒரு ஆணி அடிக்கக் கூடாது சார்."

"மதாம், மழ காத்துனு இருக்காது."

"புள்ளயுந்தான் காத்துனு இருக்காது."

அவர் காப்பியைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைப் பார்த்தேன்.

அக். 28, செவ்வாய்

இரவெல்லாம் கொட்டியிருக்கிறது. மேல் கண்ணாடி உடைந்துவிட்டது. நடுவில் ஒரே கோடு. மற்ற இரண்டும் முழுசு.

மாடிக் குழாயை அறுத்துத் தெருப் பக்கம் திருப்பினேன். ரம்பத்தால்தான் அறுத்தேன், தட்டவில்லை. அதற்கே செல்வி முறைத்தாள்.

கடையை அடைத்துவிட்டு வந்து பேசினேன். "வாடகைக்கு ஒரு வூடு பாத்துப் போயிடலாம்."

"நெறமாசத்துல வூடு மாத்துவியா? எவன் வூட்டுத் தரையில பெக்கும் அது?"

"ஆஸ்பத்திரியிலதான் பெக்கப் போவுது."

"அப்போ தவளக்குப்பம் அனுப்பிடு. போயி சம்பந்திகிட்ட சொல்லு. ஒங்க வூட்ல செவுத்த ஒடச்சீங்கன்னு தெருவுல நின்னு கத்துன வாய்தான் இது, இப்ப எங்க வூட்டுச் செவுரு தானா ஒடையுது, பொண்ண வச்சிக்குங்கன்னு சொல்லு. சொல்றியா?"

சொல்ல முடியாது. அவளுக்கும் தெரியும்.

சரக்கு: இட்லித் தட்டுக் கொத்து வரவில்லை. எவர்சில்வர் வாளி இரண்டு அடுக்கு குறைவு. போன் செய்யவேண்டும்.

நவ. 2, ஞாயிறு

மழை இல்லை, மூட்டம். தேன்மொழியின் கட்டிலைக் கூடத்துக்கு மாற்றினோம். குளியலறை பின் அறைக்குள்தான் இருக்கிறது, அதனால் போய் வந்துதான் ஆகவேண்டும். கதவை எக்காரணத்துக்கும் சாத்தக்கூடாது என்று கட்டளை. கடையிலிருந்து பித்தளை அண்டா கொண்டுவந்து கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன். விற்கிற பொருளுக்கு என்னென்ன உத்தியோகம்.

லூர்து சார் சொன்ன கொத்தனார் சவுக்குக் கட்டைகளும் மண்வெட்டியும் கடப்பாரையும் பக்கச் சந்தில் இறக்கிவிட்டுப் போனார். பிள்ளை பிறந்த மறுநாளே தொடங்கலாம் என்று பேச்சு. கடப்பாரை கண்ணில் பட்டதும் செல்விக்கு முகம் போய்விட்டது. தன் பழைய புடவையைச் சுற்றி, முடிச்சுமேல் முடிச்சுப் போட்டு, மாடிப்படிக்கு அடியில் தள்ளினாள்.

"அம்மா கடப்பாரைக்குச் சீமந்தம் பண்ணிட்டாங்கப்பா. பொடவையெல்லாம் கட்டி" என்றாள் தேன்மொழி. செல்விக்கே சிரிப்பு வந்துவிட்டது. இந்த மாதம் இந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அது ஒன்றுதான்.

நவ. 6, வியாழன்

இரண்டாவது கண்ணாடியும் போயிற்று. கடையில் இருந்தபோது போன் வந்தது. பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம், பின் அறையில் நான்கு டைல்ஸ் கூடாரம் போட்ட மாதிரி எழும்பி நிற்கின்றன. செல்வி தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. "பூனை அண்டாவைத் தள்ளிச்சு" என்றாளாம்.

வீடு இப்போது பேசுகிறது. உட்கார்ந்து கேட்டால் தெரிகிறது. டக். கொஞ்ச நேரம் கழித்து, டக்.

தேன்மொழி என்னை உட்காரவைத்துக் கேட்டாள். "எங்கிட்ட மறைக்காதப்பா. வுழுந்துடுமா?"

"ஒடனே வுழாது."

"போன தரம் செவுத்த ஒடச்சதால போவல. டாக்டரே சொன்னாங்க. எனக்குத் தெரியும். ஆனா அந்தச் சத்தம் கேட்டுனே படுத்துனு இருந்தேன்பா. ஒவ்வொரு இடிக்கும் உள்ள இழுத்துச்சு. இப்பக் கூட எங்கனா இடிக்கிற சத்தம் கேட்டா கை தானா வயித்துக்குப் போவுது."

செல்வியின் நம்பிக்கையோடு சண்டை போடலாம். இதோடு என்ன செய்வது. குழி எடுக்கலாமா என்று அவளிடமே கேட்கத்தான் உட்கார்ந்தேன். கேட்கவில்லை. "வேணாம்மா, ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

இந்த ஊரில் ஒரு தட்டுக்கடைப் பலகை போட்டு ஆரம்பித்தவன். கடை மூன்று தரம் இடம் மாறியது, ஒரு தரம் தீயில் போனது. அப்போதெல்லாம் மறுநாள் என்ன செய்வது என்று தெரிந்தது. இப்போது தெரியவில்லை. மூலையைத் தோண்டினால் மகள் நடுங்குவாள். தோண்டாவிட்டால் மூலை இறங்கும். பேரம் பேச எதிரில் ஆள் இல்லை.

நவ. 9, ஞாயிறு

மழை. மழை. கொல்லையில் கணுக்கால் தண்ணீர். மூன்றாவது கண்ணாடி இருக்கிறது. தினம் காலையில் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன்.

லூர்து சார் போன். "வெளியில எடுங்க மொதலாளி அவங்கள. எங்க வூட்டு மாடி காலியாதான் கெடக்குது. வாடகப் பேச்செல்லாம் வாணாம்." செல்வியிடம் சொன்னேன். யோசித்தாள். யோசித்ததே பெரிசு. "புதன் கெழம கழியட்டும். வியாழக்கெழம நாள் நல்லாக் கீது" என்றாள்.

வியாழன் போகிறோம். தேன்மொழி சாமான் பையில் எடுத்து வைக்கிறாள், பாட்டு முணுமுணுக்கிறாள்.

நவ. 12, புதன்

ஆஸ்பத்திரி. வராந்தா பெஞ்சு. சாயங்காலம். எழுத்து சரியில்லை. எழுதாவிட்டால் பைத்தியம் பிடிக்கும்.

காலை பத்து மணி இருக்கும். நான் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். சிலிண்டர்காரர் வந்தார், அடுப்படிக்குப் போகப் பின் அறைக் கதவைத் தாண்டித்தான் வழி. தேன்மொழி குளித்துவிட்டு நைட்டியில் நின்றிருக்கிறாள். ஆம்பிளைக் குரல் கேட்டதும் அண்டாவைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறாள். அவ்வளவுதான். யார் வீட்டிலும் நடக்கிறது.

சிலிண்டர்காரர் வெளியே வந்து பணம் வாங்கும்போது உள்ளேயிருந்து குரல். "அப்பா, கதவு வரல." பிறகு, "அம்மா, தண்ணி ஒடஞ்சிடுச்சி."

நானும் சிலிண்டர்காரரும் தோள் கொடுத்தோம். எதிர்வீட்டுக்காரர் வந்தார். மூன்று பேர். நிலை சாய்ந்து கதவைக் கவ்விக்கொண்டிருந்தது. தேக்கு. ஒவ்வொரு பலகையாகப் பார்த்து நானே வாங்கியது. உடைவேனா என்றது. சந்துப் பக்கச் சன்னலுக்குக் கம்பி. அதுவும் நானே கனம் பார்த்துப் போட்டது. உள்ளே அவள் முனகுகிற சத்தம். "பச்சையா வருதும்மா, தண்ணி பச்சையா வருது" என்கிறாள்.

என் வாயிலிருந்து கடப்பாரை என்ற வார்த்தை வரவில்லை. எங்கே இருக்கிறது என்று தெரியும்.

செல்விதான் போனாள். மாடிப்படி அடியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தாள். முடிச்சு மழை ஈரத்தில் இறுகியிருந்தது. பல்லால் கடித்துக் கிழித்தாள். கடப்பாரையை என் கையில் கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தேனு, காத மூடிக்கம்மா."

"நீ அடிப்பா."

நிலைக்குப் பக்கத்தில் விரிசல் வாயில் கொடுத்தேன். முதல் அடிக்கே பூச்சு மொத்தமும் கொட்டியது. மூன்றாவது கண்ணாடி எங்கே விழுந்தது தெரியாது. ஒவ்வொரு அடிக்கும் உள்ளே அவள் "ம்" என்றாள். கல் உருவி வந்தது, நிலை பெயர்ந்தது, சிலிண்டர்காரர் கதவைப் பிடித்து இழுத்துத் தள்ளினார். செங்கல் போன இடத்தில் மூலை வழியாக வெளியே வெளிச்சம் தெரிந்தது. சந்தில் யாரோ சைக்கிள் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது. என் வீட்டுச் சுவர் வழியாக.

அவள் கட்டில் இருந்த இடத்தில், வெறுந்தரையில், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை வயிற்றில் இல்லை. நான் சொன்னேன் என்று காதில் வைத்திருந்தாள்.

ஆட்டோ. வழியெல்லாம் தண்ணீர். போனதும் ஆபரேஷன். பெண் குழந்தை. காட்டவில்லை. அழவில்லை என்று தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

நவ. 13, வியாழன்

வானம் வெளுத்திருக்கிறது. நல்ல நாள் என்று செல்வி குறித்து வைத்த நாள்.

குழந்தை கண்ணாடிப் பெட்டியில். உள்ளேயே மலம் போய் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டதாம், நுரையீரலில் இறங்கியிருக்கிறதாம். குழாய். கதவின் சதுரக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், ஒரு தடவைக்கு ஒருவர். கால் மட்டும் தெரிந்தது.

நர்சம்மா சத்தமாகத்தான் சொன்னார். "கொஞ்சம் மின்ன வந்திருக்கலாம் இல்ல? இன்னா பண்ணிட்டு இருந்தீங்க?"

கதவு திறக்கவில்லை என்று எப்படிச் சொல்வது. எங்களுக்கு ஒரு மாதமாகத் தெரியும் என்று எப்படிச் சொல்வது.

டாக்டர்: இரண்டு மூன்று நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும்.

சம்பந்தி வந்தார். மனைவியையும் கூட்டிக்கொண்டு, பிளாஸ்க்கில் கஞ்சி. செல்வியைப் பார்த்து அந்த அம்மாள் அழுதது. அவர் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு, "டிச்சார்ஜ் ஆனதும் நம்ம வூட்டுக்குக் கூட்டினு போயிடலாம் சம்பந்தி. எங்க வூட்ல இப்ப ஒடைக்கற வேல ஒண்ணும் நடக்கல."

குத்தினாரா, அன்பாகச் சொன்னாரா. இரண்டும்தான். வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு அவர் வாங்கிக்கொண்டாரே.

நவ. 15, சனி

வீட்டுக்குப் போனேன், பழைய வேட்டித் துணி எடுக்க. குழந்தைக்கு மெத்தென்று இருக்கவேண்டுமாம். லூர்து சாரும் கொத்தனாரும் நின்றுகொண்டிருந்தார்கள். சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மூலைக் கல்லெல்லாம் வெறும் சேற்றில் நிற்கிறது. குழி எடுக்கத் தேவையே இல்லை, நான் இடித்த ஓட்டை வழியாகவே எல்லாம் தெரிகிறது.

"பின்பக்கம் மொத்தமும் எறக்கணும் மொதலாளி. மாடியோட. முன்பக்கம் நிக்குமான்னு அப்பறம்தான் சொல்ல முடியும். அது வரைக்கும் யாரும் உள்ள படுக்க வாணாம்."

சரி என்றேன். வேறு என்ன. கூடத்தில் தாம்பாளம் இருந்தது. காலால் தட்டினேன். கூடத்திலும் ஆடுகிறது.

துணியை எடுத்தேன். கூடத்து உத்தரத்தில் தேன்மொழிக்குத் தொட்டில் கட்டிய கொக்கி. கழற்றலாமா என்று நின்றேன். தட்டிக் கழற்ற வேண்டும். விட்டுவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரி. பெட்டிக்குள் அப்படியே இருக்கிறது. குழாய் எடுக்கவில்லை. தேன்மொழியைச் சக்கர நாற்காலியில் தள்ளிவந்து காட்டினார்கள். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். என்னிடம் கோபம் இல்லை. கோபம் இருந்தால் நன்றாக இருக்கும்.

செல்வி வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூன்று நாளாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள். துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தினி அடி அடிச்ச?"

"எண்ணல" என்றேன்.

எண்ணியிருந்தேன்.